இரும்புச் சாவியும் ஸ்கூட்டர் சாவியும்

ஓட்டுநர் உரிமம் கேட்டுப் போகிறவர்கள் நிரப்ப வேண்டிய காகிதங்களில் ஒன்று படிவம் 1. நம் உடல்தகுதியைப் பற்றி நாமே எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழி அது. அதில் முதலில் வரும் கேள்வியின் சாரம் இது: உங்களுக்குக் காக்காய் வலிப்போ, எந்தக் காரணத்தாலாவது திடீரென்று நினைவு தப்புவதோ, தலைசுற்றலோ உண்டா? பதில் ஆம் அல்லது இல்லை. கடைசியாக எப்போது வந்தது என்று அந்தக் கேள்வி கேட்பதில்லை. எத்தனை முறை வந்தது, என்ன காரணம், மாத்திரை சாப்பிடுகிறீர்களா, தூக்கத்தில் மட்டும் வருகிறதா, விழித்திருக்கும்போதும் வருகிறதா என்று எதையும் கேட்பதில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒருமுறை விழுந்தவளும், நேற்று மாலை அடுப்படியில் விழுந்தவளும் ஒரே கட்டத்தில்தான் டிக் போட வேண்டும்.

'இல்லை' என்று டிக் போட்டால் வேலை முடிந்தது. 'ஆம்' என்று போட்டால், அதன் பிறகு யார் முடிவெடுப்பார், எத்தனை நாளில் எடுப்பார், அதுவரை வண்டியைத் தொடலாமா கூடாதா என்பதற்கு அந்தக் காகிதத்தில் பதில் இல்லை. சட்டம் பேசாமல் விட்ட இந்த இடத்தில் மற்றவர்கள் பேச ஆரம்பிக்கிறார்கள். கணவர் பேசுகிறார், மாமியார் பேசுகிறார், கம்பெனியின் ஷிப்ட் சூப்பர்வைசர் பேசுகிறார், கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் பேசுகிறார். வலிப்பு வந்த பெண் ஒருத்திதான் பேசுவதில்லை. சாலைப் பாதுகாப்பின் பெயரால் எழுதப்பட்ட ஒரு விதி, பெண்ணின் நடமாட்டத்தை மறுபடியும் வீட்டாரின் கையில் ஒப்படைக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு. சாலைக்காவது அதனால் பாதுகாப்பு கிடைக்கிறதா என்றால், அதுவும் இல்லை.

'எந்தக் காரணத்தாலாவது'

வலிப்பு என்பது ஒரே நோயின் பெயர் இல்லை. நாடாப்புழுவின் முட்டை உணவோடு உள்ளே போய், அதன் இளம்புழு மூளையில் சிறு கட்டியாகத் தங்குவதால் வருகிற வலிப்பு நம் நாட்டில் சாதாரணம். பலருக்குக் கட்டி கரைந்தபின் வலிப்பும் நின்றுவிடுகிறது. தலையில் அடிபட்டு வருவது உண்டு. பதின்ம வயதில் தொடங்கி, மாத்திரைக்குக் கட்டுப்பட்டு, ஆனால் தூக்கம் கெட்டால் காலையில் எட்டிப் பார்க்கிற வகை உண்டு. எந்த மாத்திரைக்கும் அடங்காத வகையும் உண்டு. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்றும், முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 70 பேருக்கும் மீதி 30 பேருக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரியாத கேள்வி, மருத்துவக் கேள்வி ஆகாது.

பெண்களுக்கென்றே ஒரு வலிப்பு இருக்கிறது. கர்ப்பத்திலோ பிரசவத்தை ஒட்டியோ ரத்த அழுத்தம் ஏறி வருகிற வலிப்பு. அது தாயின் உயிரைப் பறிக்கக்கூடியது. பிழைத்து வந்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துபோவது. அது காக்காய் வலிப்பு நோய் அல்ல. ஆனால் கிராமத்தில் அந்தப் பெண்ணுக்கு 'ஃபிட்ஸ் வந்த பொண்ணு' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதிலும் அந்தப் பெயர் போகாது. அவள் ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னால், வீட்டில் முதலில் எடுத்து நீட்டப்படுவது அந்தப் பழைய ராத்திரிதான்.

தலைசுற்றலுக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்தியா முழுக்க 57 சதவீதம். ரத்தசோகை உள்ளவர்கள் வழக்கமாகச் சொல்லும் தொந்தரவு தலைசுற்றல். எந்தக் காரணத்தாலாவது தலைசுற்றல் உண்டா என்ற கேள்விக்கு நம் பெண்கள் எல்லோரும் உண்மையை எழுதிக் கொடுத்தால், எத்தனை பேர் கையில் லைசென்ஸ் மிஞ்சும்? கேள்வியை எழுதியவர்கள் இதை யோசித்திருந்தால், பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் வயிறாரச் சாப்பாடும் கிடைக்கிறதா என்ற பக்கம் அல்லவா போயிருக்க வேண்டும்!

இன்னொன்று. படிவம் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டி ஆந்திராவுக்கும் கொல்கத்தாவுக்கும் போகும் லாரிகள், இரண்டு ராத்திரி கண் மூடாத மனிதர்களால் ஓட்டப்படுவதை கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களும் உழைப்பாளிகள், அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. தூக்கமின்மைக்குக் காரணம் முதலாளியின் கெடு, அதனால் அது படிவத்தில் இடம்பெறவில்லை. வலிப்புக்குக் காரணம் உடல் என்று நினைக்கிறார்கள், அதனால் அது முதல் வரியில் நிற்கிறது. உண்மையில் வலிப்பைத் தூண்டிவிடுவதில் தூக்கமின்மைக்குப் பெரிய பங்கு உண்டு. சில பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டிய நாட்களில் வலிப்பு கூடும். ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் மாலை, அதற்கடுத்த வாரம் இரவு என்று சுழலும் ஷிப்டில் வேலை வாங்கிவிட்டு, 'உன் உடம்புதான் ஆபத்து' என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

நான்கு கிலோமீட்டர்

என் சொந்தக் கதையை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் காத்திருப்பது எப்படியிருக்கும் என்பது வேறு எங்கும் எழுதப்படவில்லை.

நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு, கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி. கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து வீடு நான்கு கிலோமீட்டர். 2004இல் லைசென்ஸ் எடுத்தேன். அந்த நான்கு கிலோமீட்டரை என் ஸ்கூட்டரில் கடந்துதான் பதினெட்டு வருடம் ஷிப்டுக்குப் போனேன். 2022இல் ஒரே மாதத்தில் இரண்டு முறை வலிப்பு வந்தது, இரண்டும் வீட்டில். ஸ்கேன், மாத்திரை, மாதாமாதம் சென்னை. அன்றிலிருந்து வண்டியைத் தொடவில்லை. அதன்பிறகு வலிப்பும் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து நரம்பியல் மருத்துவர், 'இப்போது வண்டி ஓட்டலாம், மாத்திரையையும் தூக்கத்தையும் மட்டும் விடாதீர்கள்' என்று எழுதிக் கொடுத்தார். அதே சமயத்தில் லைசென்ஸின் இருபது வருடமும் முடிந்தது. நாற்பது வயதைத் தாண்டியதால் மருத்துவரின் சான்றான படிவம் 1ஏ வேண்டும். அந்தப் படிவத்திலும் வலிப்பு பற்றிய கேள்வி உண்டு. இருந்ததை இருந்தது என்று எழுதி, மருத்துவரின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தேன்.

"மேல கேட்டுட்டு சொல்றோம்மா" என்றார்கள். ஏழு மாதம் ஆகிறது. மறுத்துவிட்டோம் என்று எழுதித் தரவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. போகும்போதெல்லாம் கேட்கப்படும் முதல் கேள்வி, "கூட யாரும்மா வந்திருக்கா?" என்பது. நாற்பத்தோரு வயதுப் பெண், ஒரு தொழிற்சாலையின் பரிசோதனை முடிவில் தினமும் கையெழுத்துப் போடுகிறவள், தன் உடம்பைப் பற்றிப் பேசக் கூட ஆள் கூட்டிவர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

இந்த ஏழு மாதத்தில் நடந்ததைக் கணக்காகச் சொல்கிறேன். மாலை ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் போக முடியாது, பொது ஷிப்டுக்கு மாறினேன். ஷிப்ட் படி போயிற்று. போகும்போது கணவர் கொண்டுவிடுகிறார், வரும்போது கொழுந்தனார், அவர் வராத நாளில் ஷேர் ஆட்டோ. என் ஸ்கூட்டரை இப்போது ஓட்டுவது கொழுந்தனார்தான். "நீ ஏம்மா அலையுற, அவன்தான் கொண்டாந்து விடுறானே" என்று மாமியார் சொல்வதில் அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் என் அம்மாவைப் பார்க்க எப்போது போவது, சங்கக் கூட்டத்துக்குப் போகலாமா, மருந்துக் கடைக்கு இன்றா நாளையா என்பதெல்லாம் இப்போது இன்னொருவரின் நேரத்தைப் பொறுத்தது. யாரும் என்னை அடக்கவில்லை. வண்டி இல்லை, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்பதற்குள் எவ்வளவு அடங்கிவிடுகிறது என்று பெண்களுக்குத் தெரியும்.

பொதுப் போக்குவரத்து இருக்கிறதே என்பார்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது நம் மாநிலம் பெருமைப்பட வேண்டிய திட்டம். என்னோடு வேலை செய்யும் பெண்கள் பலர் அதனால்தான் மாதக் கடைசியைத் தாண்டுகிறார்கள். ஆனால் பஸ் வராத ஊரில் இலவச பஸ்ஸும் வராது. ரயில் என்றால் நம் மாவட்டத்தின் வரைபடத்தைப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி வடக்குப் பாதையில், திருவள்ளூர் மேற்குப் பாதையில். இரண்டு பாதைகளும் சேருமிடம் சென்னை. மாவட்டத் தலைநகரில் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ ரயிலில் போக வேண்டுமானால், சென்னை வரை போய் மறுபடி மேற்கே திரும்ப வேண்டும். ஒரு சான்றிதழுக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது.

பெண்ணுக்குச் சொந்தமாக இரண்டு சக்கரம் வேண்டும் என்பதை இந்த மாநிலம் அறியாதது அல்ல. 1991இல் அறிவொளி இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த புதுக்கோட்டையில், கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். குவாரிக்கும் வயலுக்கும் சந்தைக்கும் தானே போய்வருகிறவள் வீட்டிலும் வேறு மாதிரி பேசுகிறாள் என்பதை அன்றே பார்த்தோம். 2018இல் வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க, விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் என்று அரசே மானியம் கொடுத்தது. அந்த மானியத்துக்கு விண்ணப்பிக்க லைசென்ஸோ பழகுநர் உரிமமோ வேண்டியிருந்தது. படிவம் 1இன் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டவள் அந்த வரிசையிலும் இல்லை.

மணமகளுக்கு ஒரு சட்டம்

வலிப்பை மறைப்பது பெண்ணுக்குப் பழக்கப்படுத்தப்பட்ட ஒன்று. அதைப் பழக்கப்படுத்தியதில் சட்டத்துக்கும் பங்குண்டு. 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத் திருத்தம், மீண்டும் மீண்டும் வலிப்பு வருகிறவர்களை மனநோய் உள்ளவர்களோடு ஒரே வரியில் சேர்த்து, இந்துத் திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் திருமணத்துக்குத் தகுதியில்லாதவர்கள் ஆக்கியது. அப்படி நடந்த திருமணத்தை ரத்து செய்யச் சொல்லி நீதிமன்றம் போகலாம். 1999 டிசம்பரில்தான் அந்தச் சட்டங்களிலிருந்து 'வலிப்பு' என்ற சொல் நீக்கப்பட்டது. 23 வருடம் அந்தச் சொல் அங்கே இருந்தது. எழுத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதிதான். ஆனால் வலிப்பு வந்த ஆணுக்குப் பெண் தேடியவர்கள், 'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாப் போயிடும்' என்று சொல்லித் தேடினார்கள். வலிப்பு வந்த பெண்ணைப் பெற்றவர்கள் மருந்துச் சீட்டைக் கிழித்துப் போட்டார்கள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியை விட்டு, தெரிந்தவர்கள் யாரும் வராத ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொல்லச் சொல்லி மணமேடைக்கு அனுப்பினார்கள். மாமியார் வீட்டில் மாத்திரை போட முடியாமல் விட்டு, அதனாலேயே விழுந்தவர்கள் எத்தனை பேர்!

விழுந்தவள் கையில் என்ன கொடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இரும்புச் சாவிக்கொத்து. பஸ் ஸ்டாண்டிலோ கோயிலிலோ ஒருத்தி விழுந்தால், சுற்றி நிற்கிற பத்துப் பேரில் ஒருவராவது 'சாவி கொடு, சாவி கொடு' என்று கத்துவார். அதனால் எந்தப் பயனும் இல்லை. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்பது. நின்றதும் சாவி நிறுத்தியதாக நம்புகிறார்கள். உதவாத இரும்புச் சாவியை அவள் கைக்குள் திணிக்கிற ஊர், அவளுக்கு உதவுகிற ஸ்கூட்டர் சாவியை அதே கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. இரண்டையும் அவள் நல்லதுக்கென்றே செய்கிறது. இரண்டிலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

'பொதுமக்கள் பாதுகாப்பு'

இங்கே ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். ஓடும் வண்டியில் வலிப்பு வந்தால்? பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தை? எதிரே வருகிறவர்? இந்தக் கேள்வியை நான் சிறிதாக நினைக்கவில்லை. வலிப்பு கட்டுக்குள் வராதவர் வண்டி ஓட்டக் கூடாது. வந்து சில வாரமே ஆனவர் ஓட்டக் கூடாது. மாத்திரையை மாற்றும்போது, நிறுத்தும்போது மருத்துவர் சொல்லும் வரை ஓட்டக் கூடாது. பஸ்ஸும் லாரியும் ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் கடுமையான விதி இருப்பதும் நியாயம்தான்.

அப்படியானால் ஒரு நல்ல விதி என்ன செய்ய வேண்டும்? யார் ஆபத்தானவர், யார் இல்லை என்று பிரிக்க வேண்டும். பிரிட்டனில் கார், பைக் லைசென்ஸுக்கு வலிப்பு இல்லாமல் பொதுவாக 12 மாதம் கழிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு நெறிமுறையும் ஒரு வருடம் என்கிறது. அங்கே கேள்வி 'உண்டா' என்பது அல்ல, 'கடைசியாக எப்போது' என்பது. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்வதில் லாபம் இருக்கிறது: இன்று இல்லாவிட்டாலும் இந்தத் தேதியில் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்று தெரியும். நம் கேள்விக்கு உண்மை சொல்வதில் இழப்பு மட்டுமே இருக்கிறது. அதனால் என்ன நடக்கிறது? போன மாதம் விழுந்தவரும் 'இல்லை' என்று டிக் போடுகிறார். ஆன்லைனில் அந்தக் கட்டத்தை நிரப்பிக் கொடுப்பது ஏஜென்டாக இருந்தால், அவர் கேட்காமலேயே 'இல்லை' போட்டுவிடுகிறார். பொதுமக்களைக் காக்கிறேன் என்று சொல்கிற விதி, ஆபத்தானவரைச் சாலையில் விட்டுவிட்டு, இரண்டு வருடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு உண்மையை எழுதியவளை வீட்டில் உட்கார வைக்கிறது. பொய் சொல்லுங்கள் என்று நான் எந்தப் பெண்ணுக்கும் சொல்ல மாட்டேன். உண்மைக்குத் தண்டனை வைத்திருக்கிற சட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

காத்திருக்கும் காலத்தைப் பற்றி மோட்டார் வாகனச் சட்டம் 1988 என்ன சொல்கிறது? நோய் காரணமாக ஒருவர் ஓட்டத் தகுதியில்லாதவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், 16ஆம் பிரிவின்படி லைசென்ஸை ரத்து செய்யலாம், அல்லது மருத்துவச் சான்று கேட்கலாம். 17ஆம் பிரிவின்படி, மறுத்தாலோ ரத்து செய்தாலோ காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தன் நோயால் ஆபத்து என்று தெரிந்தே ஓட்டினால் 186ஆம் பிரிவின்படி முதல்முறை 1,000 ரூபாய், மறுபடி என்றால் 2,000 ரூபாய் வரை அபராதம். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால்? மேல்முறையீடு செய்ய ஆணையே இல்லை. கோப்பு மேசையில் இருக்கும் வரை நான் எங்கும் முறையிட முடியாதவள். அதிகாரம் இருப்பவருக்கு மறுப்பதைவிடத் தள்ளிப்போடுவது எளிது, கையெழுத்துக்கூட வேண்டாம். முன்பு லைசென்ஸ் காலாவதியான பிறகும் 30 நாள் செல்லும் என்று ஒரு சலுகை இருந்தது. 2019 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது.

பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 88ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஏற்கெனவே லைசென்ஸ் இருந்து, புதுப்பிக்க முறையாக விண்ணப்பித்து, மருத்துவக் காரணத்தால் ரத்தோ மறுப்போ ஆகாமல் இருந்து, ஓட்டத் தகுதி இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், முடிவு வரும் வரை பழைய லைசென்ஸின் வரம்புக்குள் ஓட்டலாம். காலவரம்பு ஒரு வருடம். அரசாங்கத்தின் தாமதத்துக்குக் குடிமகள் விலை கொடுக்கக் கூடாது என்ற எளிய நியாயம் இது.

நம் நாட்டில் இது முடியாது என்று சொல்ல முடியாது. காது கேளாதவர்கள் ஓட்டவே முடியாது என்றிருந்த நிலையை 2011இல் தில்லி உயர் நீதிமன்றம் மாற்றியது: ஓட்டுநர் தேர்வில் தேறினால் லைசென்ஸ் கொடு என்றது. நிறக்குருடு லேசாகவோ நடுத்தரமாகவோ இருப்பவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்று 2020 ஜூனில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை மூலம் படிவம் 1ஐயும் 1ஏயையும் திருத்தியது. நாடாளுமன்றம் கூடத் தேவைப்படவில்லை. அதே படிவத்தில், அதே பேனாவால், வலிப்பு பற்றிய கேள்வியையும் திருத்தியிருக்கலாம். நிறக்குருடு ஆண்களிடம்தான் அதிகம் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. வலிப்பு நோய் அதில் தனிப் பெயராக இல்லை. ஆக, வண்டி ஓட்டப் போனால் உனக்கு உடல்தகுதி இல்லை; உதவி கேட்கப் போனால் உன் பெயர் பட்டியலில் இல்லை. இரண்டு வாசலுக்கும் நடுவில் நிற்கிறோம்.

என்ன கேட்கிறோம்

ஒன்று: கேள்வியை மாற்றுங்கள். 'உண்டா' என்பதற்குப் பதில் 'கடைசியாக எப்போது, என்ன சிகிச்சை' என்று கேளுங்கள். இரண்டு சக்கர வாகனத்துக்கும் காருக்கும், வலிப்பு இல்லாத ஒரு வருடமும் நரம்பியல் மருத்துவரின் சான்றும் போதும் என்று எழுதுங்கள். பிரசவ கால வலிப்பு போல் காரணம் தெரிந்து தீர்ந்துபோனதை வேறாக வையுங்கள். தலைசுற்றலுக்கு 'எந்தக் காரணத்தாலாவது' என்ற சொற்களை எடுங்கள்.

இரண்டு: முடிவுக்குக் கெடு வையுங்கள். மேல்முறையீட்டுக்கு எங்களுக்கு 30 நாள் என்றால், முடிவெடுக்க உங்களுக்கும் 30 நாள். முடிவு எழுத்தில் வேண்டும், காரணத்தோடு.

மூன்று: கெடு தாண்டினால், மருத்துவர் தகுதி என்று சொன்னவருக்குப் பழைய லைசென்ஸ் முடிவு வரும் வரை செல்லும் என்று ஆக்குங்கள்.

நான்கு: பதிலை விண்ணப்பித்த பெண்ணிடமே கேளுங்கள். அவள் உடம்பைப் பற்றிய பேச்சுக்குக் கூட வந்த ஆண் தேவையில்லை.

ஐந்தாவது கோரிக்கை கம்பெனிகளுக்கு. இரவில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தொழிற்சாலைகள் சட்டத்தின் 66(1)(பி) பிரிவை, 2000 டிசம்பரில் வசந்தா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கூடவே நிபந்தனைகளும் வைத்தது. இரவு ஷிப்ட் பெண்களுக்குப் போக்குவரத்து வசதி அவற்றில் ஒன்று. மெயின் ரோட்டில் இறக்கிவிடுவது போக்குவரத்து வசதி ஆகாது. வீட்டு வாசல் வரை என்பதுதான் அதன் பொருளாக இருக்க முடியும். சிகிச்சையில் இருப்பவரை சுழலும் இரவு ஷிப்டிலிருந்து விடுவிக்க வேண்டும், சம்பளம் குறையாமல். அது சலுகை என்று நினைப்பவர்கள், தூக்கம் கெட்ட ஊழியர் எந்த இயந்திரத்தின் முன் நிற்கிறார் என்று ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

படிக்கிற பெண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கோ உங்கள் தோழிக்கோ வலிப்பு வந்திருந்தால், முதல் சில மாதங்கள் வண்டியைத் தொடாதீர்கள். அப்பா சொன்னார், அண்ணன் சாவியை ஒளித்து வைத்தார் என்பதற்காக அல்ல. உங்கள் உடலைப் பற்றிய முடிவை நீங்களே மருத்துவரோடு உட்கார்ந்து எடுப்பதற்காக. தேதியைக் குறித்து வையுங்கள். எது எப்போது வந்தது, எத்தனை மாத்திரை, எத்தனை மணி நேரத் தூக்கம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நாளைக்கு அந்த நோட்டுதான் உங்கள் வழக்கு. எதிரில் ஒருத்தி விழுந்தால் சாவி தேடாதீர்கள். தலைக்கடியில் துணி வைத்து, வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

படிவத்தைத் திருத்த வேண்டியது மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம். கோப்புக்குக் கெடு வைக்க மாநிலப் போக்குவரத்துத் துறையின் ஒரு சுற்றறிக்கையே போதும். எங்கள் சங்கத்துப் பெண்கள் இரண்டுக்கும் மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்துப் போட வலிப்பு வந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. ரத்தசோகைக்காரர்கள், மயங்கி விழுந்தவர்கள், அம்மாவின் மாத்திரை டப்பாவை மறைத்து வைத்த மகள்கள், எல்லோருக்கும் அதில் இடம் இருக்கிறது.